கண்ணாடியில் காய்ந்த பெயின்ட்டை எடுப்பது எப்படி?



தீபாவளி, பொங்கல் என்றால் லயங்களில் பெயின்ட் வேலை தொடங்கிவிடும். யன்னல் சட்டத்துக்கு அடிக்கும்போது கண்ணாடியிலும் தெறிக்கும். "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுவோம். நாலைந்து வருடத்தில் கண்ணாடி பாதி மறைந்து, காம்பரா இருட்டாகிவிடும்.

நாமும் ஒரு தவறு செய்தோம். பிள்ளைக் காம்பரா யன்னலைக் காய்ந்தபடியே பழைய பிளேட்டால் சுரண்டினோம். கண்ணாடி முழுக்கக் கீறல். தூளோ பிள்ளைகள் படுக்கும் பாயில் விழுந்தது. இப்போது நினைத்தால் மனம் பதறுகிறது. ஏனென்றால், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு வந்ததே 2013இல்தான். ஈயத்தூள் வயிற்றுக்குள் போனால் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சி கெடும். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆகாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்புங்கள். பாய், சாப்பாட்டுச் சாமான்களை அகற்றி, கீழே பழைய பத்திரிகையை விரியுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

2. கை பொறுக்கும் சூட்டில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து, துணியை நனைத்துப் பெயின்ட் மேல் 15 நிமிடம் ஒட்டி வையுங்கள். கொதிநீர் வேண்டாம். நம் மலைநாட்டுக் குளிரில் கண்ணாடி வெடித்துவிடும். எனாமல் பெயின்ட் என்றால் சூடான வினாகிரியால் இன்னொரு தடவை ஊறவையுங்கள்.

3. துருப்பிடிக்காத புதிய பிளேட்டைப் பிடியில் பொருத்தி, சாய்வாக வைத்து, ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கீறல் விழும். கண்ணாடி எப்போதும் ஈரமாக இருக்கட்டும். ஈரத்தில் தூள் பறக்காது.

4. புட்டி ஓரத்தில் 2 மில்லிமீற்றர் அளவு பெயின்ட்டை விட்டுவிடுங்கள். அதையும் எடுத்தால் மழைத்தண்ணீர் இறங்கிச் சட்டம் உக்கிப்போகும்.

5. மிச்சக் கறைக்குத் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைக்கலாம். கதவு, யன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது.

6. சுரண்டியதை எரிக்காதீர்கள், மரக்கறிப் பாத்தியிலும் கொட்டாதீர்கள். பத்திரிகையோடு சுருட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இடத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கைகால் கழுவி, உடுப்பையும் மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

அடுத்த முறை பெயின்ட் அடிக்கும் முன்பு, ஓரத்தை விட்டுக் கண்ணாடியில் சவர்க்காரத்தைத் தேய்த்து வையுங்கள். தெறித்தது ஈரத்துணியோடு வந்துவிடும். வேலையும் மிச்சம், வீட்டுக்கு வெளிச்சமும் மிச்சம்!