பனிமேல் மூண்ட சினம்

வீட்டிலே சினம் மூண்டால் வெளியே சென்று சற்று உலாவி வரலாம். செல்லுதற்கு வேறிடமே இல்லாதபோது என் செய்வது? தென்துருவப் பனிக்கடலிற் சிக்கிய இருபத்தெட்டுப் பேரின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

ஏர்னெஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையிற் சென்ற ‘என்டூரன்ஸ்’ என்னுங் கப்பல், 1915ஆம் ஆண்டு தை மாதத்தில் வெடல் கடலின் பனியில் இறுகிற்று. ஒன்பது மாதங்களின் பின் பனி அதனை நெரித்து நொறுக்கியது. எஞ்சியவை கூடாரங்களும் மூன்று படகுகளும் சிறிது உணவுமே.

கப்பலின் தச்சர் ஹரி மக்நீஷ். அவர் அன்போடு வளர்த்த பூனையைப் பனிமேல் வைத்துக் காக்க இயலாதெனக் கருதிய தலைவர், அதனைச் சுட்டுவிடப் பணித்தார். அப்புண் ஆறவில்லை. மார்கழியிலே, இளகிய பனியிற் படகுகளை இழுத்து யாவரும் களைத்திருக்கையில், இனி இழுக்கேன் என்று மக்நீஷ் மறுத்து நின்றார். கப்பல் அழிந்ததும் தலைவரின் அதிகாரமும் ஒழிந்தது என்பது அவர் வாதம்.

ஷாக்கிள்டன் யாவரையும் கூட்டி ஒப்பந்தத்தை வாசித்தார். துறைமுகம் சேரும்வரை கடமையும் ஊதியமும் தொடரும் என விளக்கினார். தச்சரோடு தனியாகவும் பேசினார். தச்சர் பணிந்தார். சில நாட்களில், இழுப்பது வீண் எனக் கண்டு தலைவரே அம்முயற்சியைக் கைவிட்டார். சினத்தினுள்ளும் ஓர் உண்மை இருந்தது!

சினம் மூளுமுன் அணையிடவும் அவர் அறிவார். மனக்குறை கொள்ளக்கூடியோர் சிலரைத் தம் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். ஆளுக்கு இரண்டு இறாத்தல் உடைமையே எனக் கட்டுப்படுத்தியவர், பன்னிரண்டு இறாத்தல் நிறையுள்ள ‘பான்ஜோ’ என்னும் இசைக்கருவியை மட்டும் விடாது எடுத்துவரச் செய்தார். இசை அவர்க்கு மருந்து.

1916 சித்திரையில் யானைத் தீவில் ஒதுங்கியபின், உதவி தேடி 800 மைல் கடக்கத் துணிந்த ஷாக்கிள்டன், உடன் சென்ற ஐவருள் மக்நீஷையும் சேர்த்தார். பெட்டிப் பலகையும் கித்தானும் கொண்டு அப்படகிற்கு மேல்மூடி அமைத்தவை அச்சினமுற்ற கைகளே. படகு தென் ஜோர்ஜியாவை அடைந்தது. ஆவணி 30ஆம் நாள் தீவிலிருந்த 22 பேரும் மீட்கப்பட்டனர். இருபத்தெட்டுப் பேரில் ஒருவரும் மடிந்திலர்.

ஆனால், ஆபத்து நீங்கியபின் நடந்தது வேறு. துருவப் பதக்கத்துக்குப் பெயர்களைப் பரிந்துரைத்தபோது, ஷாக்கிள்டன் தச்சரை விலக்கிவிட்டார். தச்சர் 1930இல் நியூசிலாந்திற் காலமானார். 2004இல் அவர் கல்லறைமீது அப்பூனையின் வெண்கல உருவம் வைக்கப்பட்டது.

சினங்கொண்டவன் சொல்வதைச் செவிமடுத்து, அவன் கைக்குத் தக்க தொழிலும் கொடுத்தால், பனிக்கடலையும் சேர்ந்து கடக்கலாம். கரையேறிய பின்னரும் அதனை நெஞ்சில் வைத்திருந்தால், கடந்தவர்களும் பிரிந்தே நிற்பர். சினத்தை அடக்குதல் உயிரைக் காக்கும். அதனை மறத்தலே உறவைக் காக்கும்.