பூனைக்குட்டியின் கண்ணோய்

சில மாதங்களுக்கு முன்னர், எமது பாடசாலைப் பிள்ளைகள் மூவர் மட்டைப் பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு என் அறைக்கு வந்தனர். உள்ளே, மதிலோரத்திற் கிடந்த ஒரு பூனைக்குட்டி. அதன் இமைகள் பீளையால் ஒட்டிக் கிடந்தன. "ஐயா, இதற்குக் கண்ணே இல்லையா?" என்று ஒரு சிறுமி வினவினாள். நேயர்களே, அவ்வினாவே இன்றைய பேச்சுக்குப் பொருளாயிற்று.

பூனைக்குட்டி பிறந்து 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறப்பது இயல்பு. திறந்த கண் மீண்டும் ஒட்டுமாயின் அது நோயே. பெரும்பாலும் இதற்குக் காரணம், 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட பூனை ஹேர்ப்பிசு வைரசு; கலிசி வைரசும் கிளமிடியா பற்றீரியாவும் காரணமாகலாம். தும்மலும் மூக்கடைப்பும் உடன்வரும். மணம் அறியாத பூனை உணவை நாடாது. உண்ணாத குட்டி விரைவில் சோர்ந்துவிடும். கண்ணின் தெளிந்த முன்படலத்திற் புண் உண்டாகுமாயின், சில நாட்களிற் பார்வையே பறிபோகலாம்.

நாம் செய்யத்தக்கது யாது? கொதித்தாறிய இளஞ்சூட்டு நீரிற் பஞ்சை நனைத்து, பீளை இளகும்வரை ஒற்றி, மூக்குப் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்லத் துடைத்தல் வேண்டும். ஒரு கண்ணுக்கு இட்ட பஞ்சை மறு கண்ணுக்கு இடலாகாது. குட்டியை வெதுவெதுப்பாக, ஏனைய பூனைகளினின்றும் பிரித்து வைத்து, அன்றே மிருகவைத்தியரிடம் காட்டுக. வீட்டில் எஞ்சிய கண்மருந்தை ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தாற் புண் பெருகும். பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. பசுப்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடும்.

பூனையின் ஹேர்ப்பிசு மனிதரைத் தொற்றுவதில்லை. கிளமிடியா மிக அரிதாகத் தொற்றலாம். ஆதலால் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் நன்று. கடியோ கீறலோ பட்டால், விசர்நோயை எண்ணி, ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

அக்குட்டியின் ஒரு கண் தெளிந்தது. மற்றையது வெண்படலம் மூடி ஒளியிழந்தது. சற்று முன்னரே கொணர்ந்திருந்தால் இரண்டையும் காத்திருக்கலாம் என்றார் வைத்தியர். அம்மதிலோரமாக நாள்தோறும் நடந்து செல்பவன் நான். நான் காணாததைக் கண்டவர்கள் அப்பிள்ளைகளே.