வேலூர், ஆம்பூர் பகுதியில் தைல மரம்: வளர்ப்பும் கோளாறுகளும்

தைல மரம் என்பது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட யூக்கலிப்டஸ் பேரின மரங்களுக்குத் தமிழகச் சமவெளியில் வழங்கும் பெயர். 1843-இல் நீலகிரிக்கு வந்த குளோபுலஸ் இனம் குளிர்ந்த மலைக்கு உரியது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற வெப்பமான ஊர்களுக்கு ஏற்றவை டெரிட்டிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் இனங்களும் அவற்றின் கலப்புகளும். இவை காகிதக்கூழுக்கும் கம்புகளுக்கும் வெட்டப்படுகின்றன. தைலத்தை நம்பி இங்கு யாரும் நடுவதில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் கன்று நட்டால், எக்டேருக்குச் சுமார் 1,660 மரங்கள் நிற்கும். ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டலாம். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்.

ஆனால் இங்குள்ள மண் வேறு. பச்சைத் தோல் அழுகாமலிருக்கக் கறியுப்புப் போட்டே வருகிறது. அதைக் கழுவிய நீர் பல்லாண்டுகளாக நிலத்திலும் பாலாற்றிலும் கலந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. எனவே கன்று வாடினால் உரமோ மருந்தோ வாங்குவதற்கு முன் உப்பைச் சந்தேகிப்பதே முறை.

எந்த இலை கெடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து உள்நோக்கிப் பரவினால் பெரும்பாலும் உப்பே காரணம். கொழுந்திலை மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. இரண்டுக்கும் யூரியா மருந்தாகாது. மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுக்குக் கொடுத்தால் ஐயம் தீரும். மண்ணின் மின் கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர் நிலமாக இருக்க வாய்ப்பு மிகுதி. களருக்கு ஜிப்சம் பயன்படும், வடிகாலும் நல்ல நீரும் இருந்தால் மட்டும். உவருக்கு ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு. உப்பை நல்ல நீரால் கரைத்து வடிக்கத்தான் வேண்டும். வரப்பின் உச்சியில் உப்புப் பூப்பதால் கன்றைச் சரிவில் நடுவது நல்லது.

இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் இளந்தண்டிலும் புடைப்புகள் தோன்றினால் அது உப்பின் வேலையன்று. லெப்டோசைப் இன்வேசா என்னும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கருங்குளவி அங்கு முட்டையிட்டிருக்கும். 2000-இல் மத்தியதரைக்கடல், மத்தியக் கிழக்கு நாடுகளில் கவனிக்கப்பட்ட இப்பூச்சி பின்னர் இந்தியாவுக்கும் பரவியது. நாற்றங்காலையும் மறுதுளிரையும் அது கடுமையாகத் தாக்கும். புழு புடைப்புக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. புடைப்புள்ள நாற்றை வாங்காமலிருப்பதும், எதிர்ப்புத்திறனுள்ள ரகத்தைத் தேர்வதுமே சிக்கனமான வழி. கன்று திடீரென முழுதும் வாடிச் சாய்ந்தால் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். கறையான் பட்டையைத் தின்றிருக்கலாம்.

தைல மரம் தோல் கழிவைச் சுத்திகரித்துவிடும் என்ற பேச்சு மிகை. மண்ணிலுள்ள குரோமியத்தின் பெரும்பகுதி மண்ணோடும் வேரோடும் நின்றுவிடும். தண்டுக்கு ஏறுவது சிறிதளவே. மரத்தை வெட்டி விற்பதால் அது நிலத்தை விட்டு நீங்காது. மேலும் அடர்ந்த தோப்பு மண்ணின் ஈரத்தை நிறைய உறிஞ்சும். ஏற்கெனவே நல்ல நீர் குறைந்த ஊரில், குடிநீர்க் கிணற்றை ஒட்டி இதை நடுவதைத் தவிர்ப்பதே பொருத்தம்.