குட்டி யானை வாங்கப் போகிறவருக்கு

வேகத்தடையில் ஏறும் காலி பிக்கப் வண்டியின் பின்பக்கம் துள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வண்டியில் ஒரு டன் வெங்காய மூட்டையை ஏற்றிவிட்டால் சாதுவாக ஏறி இறங்கிவிடும். அதன் பின் அச்சில் இருக்கும் ஸ்பிரிங் சுமையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. காலியாக ஓடும்போது அதற்கு வேலையே இல்லை. புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். வாங்க வருகிறவர்களோ முதலில் போய் உட்காருவது டிரைவர் சீட்டில்.

காரில் உடற்பகுதியே பாரத்தைத் தாங்குகிறது. பிக்கப்பின் கட்டுமானம் வேறு. முன்னிருந்து பின்வரை நீளும் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள்; படுக்கவைத்த ஏணி மாதிரி இருக்கும். இதுதான் சேஸிஸ். இதன்மேல் முன்னால் கேபினும் பின்னால் லோடு பாடியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பின் அச்சைச் சேஸிஸோடு இணைப்பவை, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்குகள். பாரம் ஏற ஏற வளைவு நிமிரும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் குலுக்கலும் கொஞ்சம் அடங்கும். சில வண்டிகளில் கூடுதலாக ஓரிரு தடித்த பட்டைகள் சும்மா காத்திருக்கும். பாரம் ஓர் அளவைத் தாண்டிய பிறகே அவை வேலைக்கு வரும். இன்ஜினின் இழுவிசை பின்சக்கரங்களுக்குப் போவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: சுமை பின்னால் அழுத்த அழுத்த, சக்கரத்தின் பிடிமானம் கூடுகிறது.

தமிழ்நாட்டில் இந்த வகை வண்டி தெருத்தெருவாக நுழைந்தது 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், விலை சுமார் இரண்டேகால் லட்சம். சந்துக்குள் போகும், முக்கால் டன் இழுக்கும், மூன்று சக்கர ஆட்டோபோலக் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. ஒன்றேகால் டன் வண்டி. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் காய்கறிச் சந்தைகளையும் நெடுந்தூரச் சாலைகளையும் பிடித்துக்கொண்டது. 2025 ஜூனில் டாடா இறக்கிய ஏஸ் ப்ரோவின் தொடக்க விலை அப்போது 3.99 லட்சமாக இருந்தது.

இனி விலைக்கு வருவோம். வண்டி வயதாக ஆக அதன் மதிப்பு எவ்வளவு குறைகிறது என்பதற்குக் காப்பீட்டுத் துறையில் ஒரு பட்டியல் உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருடம் முடியும் வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. சந்தை விலை இதை அப்படியே பின்பற்றாது. ஆனால் புரோக்கர் சொல்லும் விலை நியாயமா என்று உரசிப் பார்க்க இதைவிட எளிய அளவுகோல் கிடையாது.

இங்கே ஒரு சமீபத்திய மாற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதாவது 128 ரூபாய்க்கு விற்ற புது வண்டி 118 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 8 சதவீத இறக்கம். அதற்கு முன் வாங்கியவர், "ஒன்பது லட்சம் போட்டு எடுத்த வண்டி சார்" என்று சொல்லித்தான் பேரத்தைத் தொடங்குவார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் கணக்கு இன்றைய ஷோரூம் விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாதி விலைக்கு வாங்கினால் மாதத் தவணையும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. உதாரணத்துக்கு, ஒன்பது லட்சம் ரூபாய் புது வண்டிக்கு ஒரு லட்சம் முன்பணம் கட்டி, எட்டு லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் மாத டியூ சுமார் 17,000 ரூபாய். ஐந்து வயதான அதே வண்டி நாலரை லட்சம். அதற்கும் ஒரு லட்சம் கட்டி மீதி மூன்றரை லட்சத்துக்குக் கடன். பழைய வண்டிக்கு வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. 15 சதவீதம், மூன்று வருடம் என்று வைத்தால் டியூ சுமார் 12,100. மாத வித்தியாசம் ஐயாயிரத்துக்கும் கீழே. நடுவழியில் ஒருமுறை கியர்பாக்ஸ் படுத்தால் அந்த ஐயாயிரம் போய்விடும். ஆனால் முப்பத்தாறாவது மாதம் முடிந்ததும் பழைய வண்டிக்காரருக்குக் கடன் தீர்ந்திருக்கும். புது வண்டிக்காரர் இன்னும் 24 மாதம் கட்ட வேண்டும்.

பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று வங்கிகள் ஒதுங்கிய காலத்தில், சென்னையில் 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் அந்தக் கடனையே தன் முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டு வளர்ந்தது. ஒரே லாரி வைத்திருக்கும் டிரைவர்களை நம்பி நடந்த வியாபாரம் அது. ஆகவே பழைய வண்டி வாங்குவதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

என் கருத்தில், வண்டி மாதத்தில் எத்தனை நாள் ஓடும் என்பதே தீர்மானிக்க வேண்டும். பால் நிறுவனத்துக்கோ கூரியர் நிறுவனத்துக்கோ ஒப்பந்தத்தில் ஓட்டுகிறவர் 25 நாளுக்குக் குறையாமல் ஓட்டியாக வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றாலும் அன்றைய வாடகை போவதோடு ஒப்பந்தமே ஆட்டம் காணும். அவருக்கு 17,000 ரூபாய் டியூ என்பது நாளொன்றுக்கு 680 ரூபாய்; உத்தரவாதக் காலத்தோடு வரும் புது வண்டிக்கு அது நியாயமான விலை. ஸ்டாண்டில் நிறுத்தி லோடு வந்தால் போகிறவருக்கும், சொந்தத் தோட்டத்துக் காயை வாரம் மூன்று முறை சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கும் மாதம் 12 நாள் ஓடினாலே அதிகம். அதே டியூ அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,400-ஐத் தாண்டிவிடும். மழை பெய்தாலும் லோடு இல்லாவிட்டாலும் டியூ தேதி மாறாது. அவர்கள் பழையதையே தேடலாம், பார்த்து வாங்கத் தெரிந்தால்.

பார்ப்பது எப்படி? வயதையும் கிலோமீட்டரையும் கேட்பதற்கு முன் வண்டி என்ன ஏற்றியது என்று கேளுங்கள். பூவும் பிரெட்டும் ஏற்றிய ஏழு வயது வண்டி, எம்-சாண்டும் ஹாலோ பிளாக்கும் சுமந்த மூன்று வயது வண்டியைவிட நன்றாக இருக்கும். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். கழித்தால் வருவது சட்டப்படி ஏற்றக்கூடிய சுமை. இனி வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒரு பட்டை செருகியிருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்தது என்று முடிவு கட்டிவிடலாம். பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் மட்டும்தான் பலமாகும். அச்சு, பேரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும். திரும்பத் திரும்ப வளையும் எஃகில் முடி அளவு விரிசல் விழுந்து மெல்ல வளரும். ஸ்பிரிங் தாங்கிகள் சேஸிஸில் சேரும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மினுங்கினால் வெல்டிங் எங்கேயென்று தேடுங்கள். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக அடித்த பெயின்ட் என்பார்கள். பல சமயம் அது உண்மையும்கூட.

மீன் ஏற்றிய வண்டி என்றால் நான் வாங்க மாட்டேன். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் பாடியின் இடுக்கு வழியே சேஸிஸ் சட்டத்துக்குள் இறங்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கத்துப் பதிவெண் கொண்ட வண்டிகளையும், உப்பளத்தில் ஓடியவற்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது நல்லது. கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று.

இன்ஜினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளுகிறதா? பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. மீட்டரில் 60,000 கிலோமீட்டர் காட்டி, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

2020 ஏப்ரலுக்கு முன்பா பின்பா என்பதும் முக்கியம். அந்த மாதம் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய டீசல் வண்டிகளில் பொதுவாகப் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, புகை நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று தண்ணீர் கேன் இறக்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்கும் செலவு அதிகம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர் பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளையும் பார்ப்பது நல்லது. பி.எஸ். 4 வண்டிகளை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்த்துவிடுவார், ஆனால் அவற்றின் வயது ஏறிக்கொண்டே போகிறது. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருந்த எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும் வந்துவிடும். ஏழரை வயது வண்டிகள் திடீரென்று விற்பனைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண இலகு ரக லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பர்மிட்டும் தேவையில்லை.

பழைய வண்டியில் கடைசியாகப் பேப்பர். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-உம் கைக்கு வரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். எம்-பரிவாகன் செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ் கரண்டில் இருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாற்றம் ஆகாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி கைமாறும்போதே இருவரும் சேர்ந்து பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.