கொழுப்புப் போனது, தோல் போகவில்லையே! ஏன் தெரியுமா?

திருகோணமலைத் துறைமுகத்தில் வலையோடு ஏறிவரும் பேத்தை மீனைப் பார்த்திருக்கிறீர்களா? ஆபத்து என்று தெரிந்தால் போதும், மடமடவென்று தண்ணீரைக் குடித்து, தன் பருமனை ஏறக்குறைய 3 மடங்காக்கிவிடும்! ஆபத்து நீங்கியதும் தண்ணீரைக் கக்கிவிட்டுப் பழையபடி சின்ன மீனாக நழுவிப் போகும். வயிறு தொங்குமா? தொங்காது! அதன் உடம்பில் விலா எலும்பே கிடையாது. தோலுக்குள் கொலாஜன் நார்கள் நெளிநெளியாக மடிந்து கிடக்கின்றன. ஊதும்போது அவை நேராகும், வற்றும்போது மறுபடி நெளியும். (அதிசயம் என்று சொல்லி யாரும் சட்டியில் போட்டுவிடாதீர்கள். பேத்தை நஞ்சு ஆளையே கொல்லும்!)

இதைவிடப் பெரிய வித்தைக்காரர் ஒருவர் அதே கடலில் இருக்கிறார், தெரியுமா? நீலத் திமிங்கிலம்! கோணேசர் கோயில் பாறையில் நின்றபடியே அதன் மூச்சுத் தாரையைக் கண்டவர்கள் உண்டு. ஏன் இவ்வளவு கிட்ட வருகிறது? மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதன் ஆழம் போகப் போக 3,000 மீற்றரையும் தாண்டுகிறது! 1980களில் ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில்தான் நீலத் திமிங்கிலங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள்.

அதன் தாடையிலிருந்து தொப்புள் வரை 50க்கும் மேற்பட்ட நீளமான வரிகள் உண்டு. வாயைத் திறந்து பாய்ந்ததும் அந்த வரிகள் விரியும். ஒரே வாயில் எவ்வளவு தண்ணீர் அள்ளும் என்று நினைக்கிறீர்கள்? பெரிய திமிங்கிலம் என்றால் 80 தொன்! ஏறக்குறைய தன் எடையளவு தண்ணீர்! பிறகு அதை வெளியே தள்ளிவிட்டு வரிகளைச் சுருக்கிக்கொள்ளும். இந்தக் குடும்பத் திமிங்கிலங்களின் நரம்புகூட இரண்டு மடங்கு நீண்டு மறுபடி சுருங்கும் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். நம் நரம்பை அப்படி இழுத்தால்? அறுந்தே போகும்!

சரி, பேத்தைக்கும் திமிங்கிலத்துக்கும் முடிகிறது. 120 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு இறங்கிய மனிதருக்கு மட்டும் ஏன் வயிறும் மேற்கையும் தொடையும் தொங்குகின்றன?

விடை கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். பேத்தை ஊதியிருப்பது சில நிமிடம். திமிங்கிலம் விரிந்திருப்பது அதைவிடக் குறைவு. நாமோ 10, 20 வருடம் ஊதியபடியே இருக்கிறோம்! அவ்வளவு காலமும் தோல் சும்மா இழுபட்டுக்கொண்டு இருக்கவில்லை. புதிது புதிதாக வளர்ந்திருக்கிறது! தொங்குவது இழுத்துவிட்ட இறப்பர் பட்டி என்று நினைத்தீர்களா? மேலதிகமாக நெய்து சேர்த்த துணி அது! உள்ளே இருந்த ஆள் மெலிந்துவிட்டார், துணி அப்படியே இருக்கிறது.

நம்ப முடியவில்லையா? டொக்டர்கள் இதையே ஒரு வைத்தியமாக்கி வைத்திருக்கிறார்கள்! தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பலூனைப் புதைத்து, கிழமைக்குக் கிழமை அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுவார்கள். மேலே புதுத் தோல் வளரும்! அதை எடுத்துத் தீக்காயத் தழும்பை மூடலாம், புற்றுநோயால் இழந்த மார்பை மீண்டும் அமைக்கலாம். 1957இல் நியூமன் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு காதைச் சீர்செய்ய இப்படிப் பலூன் வைத்தார். 1970களில் ராடோவன் என்பவர் அதை முழுமையாக்கினார். நம் வயிற்றுக் கொழுப்பும் அதே பலூன் வேலையைத்தான் செய்திருக்கிறது, அதுவும் யாரும் கேட்காமலே!

உங்கள் உடம்பிலேயே பெரிய உறுப்பு எது தெரியுமா? ஈரலா? நுரையீரலா? தோல்! பெரியவர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 2 சதுர மீற்றர். கண்ணிமையில் அரை மில்லிமீற்றர் தடிப்பு, குதிகாலில் 4 மில்லிமீற்றர் வரை! நடுத்தோலை உலர்த்தி நிறுத்தால் முக்கால் பங்கு கொலாஜன். இழுத்துவிட்டால் திரும்பி வரவைக்கும் எலாஸ்டின்? வெறும் 2 முதல் 4 சதவீதம்!

அந்தத் துளி எலாஸ்டினின் கதை இன்னும் விசித்திரம். அதில் பெரும்பகுதி தாய் வயிற்றிலும் சிறுவயதிலுமே உருவாகிவிடுகிறது. பாதி அழிய 70 வருடத்துக்கும் மேல் ஆகும்! நீண்டகாலம் உழைக்கிறது, சரிதான். ஆனால் ஒருமுறை கெட்டுப்போனால் உடம்பு அதைத் திருப்பிச் சரியாகச் செய்து தருவதில்லை. வெயில் அதைக் கெடுக்கும். சிகரெட்டும் சுருட்டும் கெடுக்கும். வருடக்கணக்கான பருமன் கெடுக்கும். 25 வயதில் மெலிந்தவருக்கும் 55 வயதில் மெலிந்தவருக்கும் தோல் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று இப்போது விளங்குகிறதா?

அப்படியானால் போத்தலில் விற்கும் ‘தோல் இறுக்கும்’ கிறீம்? அது மேல்தோலை ஈரமாக வைத்திருக்கும். பளபளப்புத் தரும். வளர்ந்த தோலை வெட்டிச் சின்னதாக்காது! விளம்பரத்தில் வரும் வயிறுகளைப் பார்த்துக் காசைக் கொட்டுவதைவிட நாலு முட்டை வாங்கிச் சாப்பிடலாம் என்பது என் கட்சி. கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளிலும் மாறி மாறிக் குளிக்கலாம், உடம்பு அலுப்புத் தீரும். தோல்? அசையாது!

ஒரு கேள்வி. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையிலா? மலத்திலா? 2014இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே வெளியேறுகிறது! மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். ஆம், நீங்கள் உங்கள் வண்டியை ஊதியே தள்ளிவிட்டீர்கள்! இன்னொன்று தெரியுமா? கொழுப்பு அணுக்கள் சாகவில்லை. எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். சுருங்கிப்போய், அடுத்த விருந்துக்குக் காத்திருக்கின்றன!

மெலிந்தவர் தெருவில் இறங்கினால் என்ன பாராட்டுக் கிடைக்கும்? “என்னடாப்பா இப்பிடி மெலிஞ்சு போனாய், ஏதும் வருத்தமோ?” 50 கிலோ குறைத்த ஆளுக்குக் கிடைக்கும் பரிசு இதுதான்! முகத்துக் கொழுப்பு வேகமாக வற்றினால் கன்னம் தொங்கி, ஆள் 10 வயது கூடியவர்போல் தெரிவார். புது மெலிவு ஊசிகள் வந்தபின், அவற்றில் ஒன்றின் பெயரிலேயே உலகம் இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டது: ‘ஒசெம்பிக் முகம்’!

அழகுப் பிரச்சினை என்று மட்டும் நினைத்தால் தவறு. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் தொங்கும் வயிற்று மடிப்புக்குள் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? வெளியே முதுகு காய்ந்திருக்கும், மடிப்புக்குள் வியர்வை தேங்கும்! தோலும் தோலும் உரசும். சிவக்கும், எரியும், நாற்றம் வரும், பங்கசு குடியேறும். நீரிழிவும் இருந்தால் சின்ன வெடிப்பே பெரிய புண்ணாகிவிடும். சாரத்தை எங்கே கட்டுவது என்பதே ஒரு சோதனை! மடிப்புக்கு மேலே கட்டினால் நழுவுகிறது, கீழே கட்டினால் நெரிக்கிறது. சேலை கட்டும் பெண்களுக்கு உள்பாவாடை நாடா அதே இடத்தில் அறுக்கும்.

வழி என்ன? கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மடிப்பு முழுக்க உலர்ந்த பிறகே உடுப்பு! மடிப்புக்கு நடுவே மெல்லிய பருத்தித் துணி வைத்தால் உரசல் குறையும். வாசனைப் பவுடரை அள்ளிக் கொட்டுகிறீர்களா? வியர்வையில் கட்டிபட்டு அதுவே உரசும்! இரண்டு கிழமையாகியும் சிவப்பு ஆறவில்லையா? கடையில் கேட்டு வாங்கிய கிறீமை மாற்றி மாற்றிப் பூசாமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்.

நடக்கும்போது தொங்கு தோல் குலுங்கி இழுக்கிறதா? இறுக்கமான உள்ளுடுப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட நல்லது ஒன்று திருமலைக்காரர் வாசலிலேயே கிடக்கிறது. கடல்! கழுத்தளவு தண்ணீரில் நடந்தால் தோலின் பாரம் தெரியவே தெரியாது! பாரம் தூக்கிப் பயிற்சி செய்து தசை வளர்ந்தால் கை, தொடைத் தோலுக்குள் கொஞ்சம் இடம் நிரம்பும். வயிற்றுக்கு அவ்வளவு பலன் எதிர்பார்க்காதீர்கள்.

இனிக் கத்தியின் கதை! 1899இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை வைத்தியர் ஹவார்ட் கெல்லி, 129 கிலோ எடையுள்ள பெண்ணின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த துண்டு எவ்வளவு தெரியுமா? 90 சென்ரிமீற்றர் நீளம், 7,450 கிராம்! அதற்கு முன்பே, 1890இல், பிரான்சில் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள்.

அது பெரிதா? 2013இல் சவூதி அரேபியாவில் ஒரு இளைஞரின் எடை 610 கிலோ! மன்னரின் உத்தரவில், பாரந்தூக்கி கொண்டு வீட்டிலிருந்து இறக்கி, ரியாத்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். சில வருடங்களில் 70 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டார்! தோலை வெட்ட மட்டும் தனியாகப் பல சத்திரசிகிச்சைகள். ஒருகாலத்தில் உலகிலேயே பருமனானவர் எனப்பட்ட இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு 2015இல் நியூயோர்க்கில் எடுத்த தோல் மட்டும் 20 கிலோவுக்கும் மேல்! ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடையைத் தோலாகவே சுமந்திருக்கிறார்!

வயிற்றுத் தோலைக் கீழே இழுத்துத் தைக்கும்போது தொப்புள் எங்கே போகும்? அது இருந்த இடத்திலேயே இருக்கும்! சுற்றி வெட்டி விட்டுவிட்டு, மேலிருந்து வரும் தோலில் புதிதாக ஓட்டை போட்டு, பழைய தொப்புளை அதன் வழியே எட்டிப்பார்க்கவைத்துத் தைப்பார்கள். உடம்பைச் சுற்றி முழுவட்டமாக வெட்டும் முறையும் உண்டு. தழும்பு எங்கே விழும் தெரியுமா? அரைஞாண் கயிறு கட்டும் இடத்தை ஒட்டி! ஆனால் நம் நிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். முன்பு எங்காவது அப்படித் தடித்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

அவசரப்பட்டால்? காரியம் கெடும்! எடை குறைந்து, அதே எடையில் ஆறு மாதமாவது நிலைத்த பின்தான் கத்தி. இரைப்பைச் சத்திரசிகிச்சையால் மெலிந்தவர் என்றால் ஒன்று, ஒன்றரை வருடம் பொறுக்கச் சொல்வார்கள். சிகரெட்டை நாலு கிழமைக்கு முன்பே விட வேண்டும். நிக்கொட்டின் இரத்தக் குழாய்களை இறுக்கும். இரத்தம் போகாத தையல் ஓரம் கறுத்துச் செத்துவிடும்! புரதமும் இரும்பும் குறைந்த உடம்பில் காயம் லேசில் ஆறாது. பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கத்தியை எந்தத் திசையில் வைப்பது என்று எப்படித் தெரிந்தது? 1861இல் வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் ஒரு விசித்திர வேலை பார்த்தார். இறந்த உடல்களின் தோலில் வட்டமான ஊசியால் ஆயிரக்கணக்கில் குத்தினார்! வட்ட ஓட்டைகள் எல்லாம் நீண்ட கீறலாக மாறின! தோலுக்குள் இழுவிசைக்கு ஒரு திசை உண்டு என்பது அதில் தெரிந்தது. அந்தத் திசையிலேயே வெட்டினால் தழும்பு மெல்லிசாக விழும். உங்கள் உடம்பு முழுக்க, கண்ணுக்குத் தெரியாத அந்த வரைபடம் இப்போதும் இருக்கிறது!

வெட்டி எடுத்த தோலை என்ன செய்வார்கள்? குப்பையிலா போடுவார்கள்? பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில நாடுகளில் சம்மதம் வாங்கிக்கொண்டு தோல் வங்கிக்கு அனுப்புகிறார்கள். மெலிந்த ஒருவரின் வயிறு, தீயில் வெந்த இன்னொருவரின் காயத்துக்குப் போர்வையாகிறது! இன்னும் நிறையத் தோல் ஆய்வுகூடங்களுக்குப் போகிறது. அங்கே அதை வைத்து என்ன சோதிக்கிறார்கள் தெரியுமா? மருந்து மட்டுமல்ல, சந்தைக்கு வரப்போகும் புதுத் தோல் கிறீம்களையும்தான்!