கூட்டத்தில் சொன்னது எங்கே போகிறது?

"கவுன்சிலர்கிட்ட சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல." இதைக் கேட்காத டீக்கடை எந்தப் பேரூராட்சியிலும் இருக்காது. சொன்னவருக்கு ஆதங்கம். கேட்டுக்கொண்ட கவுன்சிலருக்கும் பெரும்பாலும் செய்யக் கூடாது என்ற எண்ணம் கிடையாது. ஆனாலும் சாக்கடை அப்படியேதான் கிடக்கிறது. சொன்ன சொல்லுக்கும் நடக்கிற வேலைக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது என்று நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. டீ வரட்டும், நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பேசுகிற இடம். கிராம ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்ததோடு, 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. வாக்காளர் யாராக இருந்தாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அதே கிராமம் வளர்ந்து பேரூராட்சி ஆனதும் இந்த உரிமை கைநழுவிப் போனது. தரம் உயர்த்தினால் வரி கூடும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும் என்று மக்கள் எதிர்ப்பது நமக்குத் தெரியும். சபை போய்விடும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. என்னைக் கேட்டால் பெரிய இழப்பு அதுதான்.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகரங்களுக்கு வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. ஆனால் 3 லட்சம் மக்களும் அதற்கு மேலும் உள்ள நகரங்களுக்கு மட்டும்தான் அதைக் கட்டாயமாக்கியது. பத்தாயிரம், இருபதாயிரம் பேர் வாழும் சிற்றூருக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் அந்தக் குறையைத் தீர்க்க 2022இல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரையும் உறுப்பினராகக் கொண்டு, கவுன்சிலர் தலைமையில் கூடுவது பகுதி சபை. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்கள் அதற்கென்று குறிக்கப்பட்டன. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இந்தத் தேதிகள் தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஓட்டுரிமை பெற்ற பிள்ளைகள் கவுன்சிலர் என்ற ஒருவரைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு விட்டுப்போயிருக்கிறது. புதிதாக வந்த கவுன்சிலர்களிலும் பலருக்கு அதுவே முதல் பதவி.

சரி, சபை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சமுதாயக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பேரூராட்சிப் பணியாளர். ஒரு அம்மா எழுந்து, "தம்பி, மழை வந்தா சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வருது, எத்தனை தடவ சொல்றது" என்கிறார். "பாத்துடலாம்க்கா" என்கிறார் கவுன்சிலர். இப்போது அந்த நோட்டை எட்டிப் பாருங்கள். "சாக்கடை பிரச்சினை – 3ஆவது வார்டு" என்று எழுதியிருக்கும். அந்த அம்மாவின் முறையீடு நின்றுபோவது அந்த வரியில்தான். எந்தத் தெரு, எவ்வளவு நீளம், அடைப்பா, இடிந்துபோன சுவரா, வாட்டம் இல்லாத கால்வாயா? ஒன்றும் அதில் இல்லை. பொறியாளர் அதை வைத்துக்கொண்டு மதிப்பீடு போட முடியாது.

அதே முறையீட்டை இப்படி எழுதினால் எப்படி இருக்கும்: "கிழக்குத் தெருவில் கோயில் முனை முதல் சிறுபாலம் வரை, சுமார் 40 மீட்டருக்குக் கால்வாயின் வடபுறச் சுவர் இடிந்துள்ளது. மழையின்போது ஆறு வீடுகளுக்குள் கழிவுநீர் புகுகிறது." எழுதி, தெருவாசிகள் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டால் அது கோப்பாகிவிடும். நிற்கும் தண்ணீரைப் போனில் எடுத்த படமும் கூட இருந்தால் நல்லது.

கோப்பு அதன் பிறகு எங்கே போகிறது? கவுன்சிலரால் கையெழுத்துப் போட்டு வேலை நடத்த முடியாது. நிர்வாகம் செயல் அலுவலர் கையில். கவுன்சிலருக்கு மன்றத்தில் ஒரு வாக்கு, பேச ஒரு குரல், அவ்வளவுதான். வேலைக்கு மதிப்பீடு தயாராகி, எந்த நிதியிலிருந்து என்று குறித்து, மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் பொருளாக ஏறி, தீர்மானமாக வேண்டும். அப்புறம் அனுமதிகள், டெண்டர், பணி ஆணை. மன்றக் கூட்டங்களில் பொருள்களை ஒன்றாக வாசித்து 'ஆல் பாஸ்' என்று முடிப்பது பல ஊர்களின் வழக்கம். உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருந்தால் அதோடு அதுவும் நிறைவேறும். இல்லாவிட்டால் மன்றத்தில் எத்தனை ஆவேசமாகப் பேசினாலும் மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும், வேலை வராது. ஆகவே கவுன்சிலரிடம் "செஞ்சு குடுங்க" என்பதைவிட "அடுத்த கூட்டத்துல பொருளா வையுங்க" என்று கேட்பது பலன் தரும்.

பணம் எங்கிருந்து என்பதையும் தெரிந்து வைப்பது நல்லது. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, வாரச்சந்தை ஏலம், தொழில் வரி எல்லாம் பொது நிதியில் சேரும். சிறிய பேரூராட்சியில் சம்பளமும் மின்கட்டணமும் போக அதில் மிஞ்சுவது கொஞ்சம். மேலிருந்து வரும் மானியத்துக்கோ நிபந்தனை உண்டு. 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக் குழுக் காலத்தில், பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. பூங்கா கேட்ட தெரு காத்திருக்க, குழாய் கேட்ட தெருவுக்கு முதலில் வேலை நடந்தால் அதற்குப் பாரபட்சம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. வியாபாரிகள் சங்கம் உள்ள தெருக்களுக்கு அது கைகொடுக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெருவில் அந்த ஒரு பங்கைத் திரட்டச் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

இனிதான் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்: எது யாருடையது? ஊர் நடுவே போகும் மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையினுடையது. அதன் குழிக்குக் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. அதிலிருந்து பிரியும் சந்து பேரூராட்சியினுடையது. தெருவிளக்கில் கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கு பேரூராட்சியினுடையது. கம்பம் சாய்ந்தால் ஓரிடம், விளக்கு எரியாவிட்டால் இன்னோரிடம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து ஊர்த் தொட்டியில் சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து தெருக்குழாய்வரை பேரூராட்சியின் பொறுப்பு. எனவே "தண்ணி வரல" என்று சொல்வதற்கு முன்பு தொட்டிக்கே வரவில்லையா, தொட்டியில் இருந்தும் தெருவுக்கு வரவில்லையா என்று வால்வு திறப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதி விவகாரம் அங்கேயே தெளிந்துவிடும். பெரிய ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தார், ரேஷன் கடை கூட்டுறவு. இவற்றில் கவுன்சிலருக்கு நேரடி அதிகாரம் கிடையாது. ஆனால் மன்றத்தில் தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்பவைக்க முடியும். ஒரு தெருவின் மனுவாகப் போவதும் ஊர் மன்றத்தின் தீர்மானமாகப் போவதும் ஒன்றல்ல.

கவுன்சிலர் பெண்ணாக இருந்தால், தயவுசெய்து அவரிடமே பேசுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. பதவி மனைவிக்கு, நாற்காலி கணவருக்கு என்று சில ஊர்களில் நடப்பதற்கு அந்தக் கணவர் மட்டும் பொறுப்பில்லை. "அண்ணன் இருக்காரா?" என்று வாசலில் கேட்கும் நாமும் பொறுப்பு. குடமும் குப்பையும் யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்குத்தான் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குக் காற்று மட்டும் வருகிறது என்று தெரியும். அந்த அறிவை மன்றத்தில் உட்காரவைத்துவிட்டுப் பேசவிடாமல் செய்வது ஊருக்கே நஷ்டம்.

பக்கத்து மாநிலத்தைப் பார்ப்பது உதவும். கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. சிறிய நகராட்சிகளிலும் வார்டு சபை கூடி யாருக்கு வீடு, எந்தச் சாலை முதலில் என்று பேச வேண்டிய கட்டாயம் வந்தது. பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தால் ஆட்கள் தானாக வருவார்கள். நம் பகுதி சபைகளில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தச் சபைக்கென்று ஒரு சிறு தொகையாவது ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று அந்தத் தெருக்காரர்களே முடிவு செய்யட்டும். கூட்டம் எப்படிச் சேர்கிறது என்று அப்போது பேசுவோம்.

அதுவரை நம் கையில் இருப்பதை வைத்து நகர வேண்டியதுதான். அடுத்த சபையில் புதிய புகார் எதையும் எடுக்கும் முன், போன கூட்டத்தில் எழுதியதை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். எது முடிந்தது, எது மன்றத்துக்குப் போனது, எது போகவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போட்டு, தீர்மானத்தின் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வேறு துறையின் வேலை என்றால், தீர்மான நகலை மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள். தெருவிலிருந்து நான்கைந்து பேரும், முடிந்தால் கவுன்சிலரும் கூட வரட்டும். அவருக்கும் அந்தத் துறையிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கும்.