கொல்லையில் கோழியும் முயலும் இருக்கட்டும், ஈ வேண்டாம்!

பெங்களூரில் கோடை மழை இரண்டு தடவை பெய்துவிட்டால் போதும், கொல்லையில் கோழி வளர்ப்போர் வீட்டில் ஈ மொய்க்கத் தொடங்கிவிடும். அது அந்த வீட்டோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஒரு வீட்டு ஈ நான்கு வீட்டுச் சமையற்கட்டில் உட்காரும். பக்கத்து வீட்டார் இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிடுவார்கள். "கோழியை விற்றுவிடுங்கள், இல்லையேல் வீட்டைக் காலி செய்யுங்கள்" என்ற பேச்சு வந்துவிடும்.

கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அங்குள்ள பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்துக் கோழியின் முட்டைக் காசுகூடச் சிறிய தொகை அல்ல. ஈயின் காரணமாக அதை இழக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எட்டு நாள் கணக்கு

ஈயை ஒழிக்க நினைப்பவர் முதலில் அதன் பிறப்பை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண் ஈ, தடவைக்கு நூறு முட்டை வீதம், வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்நூறு முட்டைகள் இடும். ஈரமான எச்சத்தில் இட்ட முட்டை ஒரே நாளில் பொரிந்து வெள்ளைப் புழுவாகும். அது நான்கைந்து நாள் தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாகி, மேலும் சில நாளில் ஈயாகப் பறக்கும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ வரை ஏழு முதல் பத்து நாள்தான். குளிர்காலத்தில் இன்னும் சில நாள் கூடும்.

எனவே மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை எச்சத்தை அள்ளிவிட்டால், எந்தப் புழுவும் ஈயாகும் வயதை எட்டாது. ஞாயிறு ஒரு நாள், புதன் ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வது நல்லது. "மாதம் ஒரு தடவை நன்றாகக் கழுவி விடுகிறோமே" என்பவர்கள் அதற்குள் மூன்று தலைமுறை ஈயை வளர்த்துவிடுகிறார்கள்.

ஈரம்தான் பகை

புதிய கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஈப்புழுவுக்கு அந்த ஈரம் வேண்டும். நன்கு காய்ந்த எச்சத்தில் அது பிழைக்காது. ஆகவே கூட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைவிடச் சுரண்டி அள்ளுவதே மேல். தரையில் இரண்டு அங்குலம் உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்த இடத்தை உடனே எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

பெரும்பாலான கூடுகளில் ஈரத்துக்குக் காரணம் தண்ணீர்ச் சட்டிதான். கோழி அதைக் கவிழ்க்கும், காலால் இறைக்கும். சட்டியைச் செங்கல் மீது வைத்து, அடியில் மணல் கொட்டி வைத்தால் பாதித் தொல்லை குறையும். கூரை ஒழுகாமலும் மழைச்சாரல் அடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தூவினால் நெடி கிளம்பிக் கோழியின் கண்ணைக் கெடுக்கும். அள்ளிய பிறகு வெறும் தரையில் லேசாகத் தூவலாம்.

முயலுக்கு ஆபத்து

முயல் புழுக்கை உலர்ந்தது. அதனால் தொல்லை குறைவு. அதோடு சிறுநீர் கலக்கும்போதுதான் ஈ வரும். கூண்டைக் கம்பிவலைத் தரையோடு மூன்றடி உயரத்தில் அமைத்து, அடியில் ஒரு தகரத்தைச் சரிவாக வைத்தால், சிறுநீர் ஒரு டப்பாவில் வடிந்துவிடும். புழுக்கை தனியே நிற்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சந்தையில் ஒதுக்கிய முட்டைக்கோஸ் இலையை அளவுக்கு மீறிப் போட்டால் முயலுக்குக் கழிச்சல் காணும். பின்புற ரோமம் அசுத்தமாகும். பச்சை ஈ அங்கே முட்டையிடும். பொரிந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், ஓரிரு நாளில் முயல் இறந்துவிடக்கூடும். மழைக்காலத்தில் தினமும் முயலைத் தூக்கிப் பின்புறத்தைப் பார்ப்பது அவசியம். புழு தென்பட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அள்ளியதை என்ன செய்வது?

எச்சத்தை அள்ளி வேலியோரம் கொட்டினால், ஈ இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. குழியில் ஓர் அடுக்கு எச்சம், ஓர் அடுக்கு காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே அரை அடி மண் மூட வேண்டும். குவியலின் நடுவே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும். அதில் புழு மடியும். சூட்டுக்கு அஞ்சி ஓரத்துக்கு நகரும் புழுக்களும் தப்பாமல், வாரம் ஒரு முறை ஓரத்தில் உள்ளதை நடுவில் தள்ளி மூட வேண்டும். சில மாதங்களில் செடிக்கு நல்ல எரு கிடைக்கும்.

செத்த கோழியை வெளியே எறியாமல் ஆழப் புதைக்க வேண்டும். அழுகிய பிணத்துப் புழுவைத் தின்னும் கோழிக்குக் கழுத்துத் தொங்கும் நோய் வந்து சாவதுண்டு. ஈயைத் தின்னும் கோழிக்கு நாடாப்புழுவும் ஏறும்.

மருந்து கைகொடுக்குமா?

பூச்சி மருந்து அடித்தால் அன்றைக்கு ஈ விழும். மறுவாரம் வேறு ஈ பிறக்கும். டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1940-களின் இறுதிக்குள், அதற்குச் சாகாத ஈக்கள் ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. மேலும் தீனியிலும் தண்ணீரிலும் மருந்து பட்டால், அது முட்டை வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். பறக்கும் சில ஈக்களுக்கு, விளக்கெண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சித் தடவிய காகிதத்தைக் கோழிக்கு எட்டாமல் தொங்கவிட்டால் போதும்.

ஈயைப் பறக்கும்போது துரத்துவது வீண் வேலை. புழுவாக இருக்கும்போதே, ஈரத்தை எடுத்து அழிப்பதுதான் வழி. புதனும் ஞாயிறும் தவறாமல் கையில் கரண்டி எடுப்பவரின் கோழியைப் பற்றிப் பக்கத்து வீட்டார் குறை சொல்ல மாட்டார்கள். நாலு முட்டை விலைக்குக் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள்.